செட்டுன்னு ஒரு சொல்லு

நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சேன். எழுத்தும் கோணல், ஞாபகமும் விட்டு விட்டுத்தான் வருது. தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கங்க.

எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம். இங்கிட்டு செட்டுன்னா மொதல்ல தண்ணி எறைக்கிற மோட்டாரு. 'செட்டுல குளிச்சுட்டு வாரேன்'னு சொல்லாத ஆம்பளை கிடையாது. காதுகுத்துக்கும் சாவுக்கும் மைக் செட்டு. சேர்ந்து சீட்டாடுறவங்க ஒரு செட்டு. நான் எடுத்துக் கொடுத்த சேலை பிடிக்கலைன்னா மக 'செட் ஆகலம்மா'ம்பா. இங்கிலீசு தெரியாத நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைச் சொல்றேன். ஆனா எங்க வீட்டுக்காரரோட பல் செட்டைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் வாய்விட்டுப் பேசுனதில்லை.

சவுதியில இருக்குற மகன் லீவுல வந்தப்ப, அவரைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மேலயும் கீழயும் முழுசாப் பல்லு கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் என் தம்பி, "என்ன மச்சான், மறுபடியும் பொண்ணு பாக்கப் போறீங்களா?"ன்னு கேட்டான்.

"ஒங்க அக்கா விட்டா இப்பவே கெளம்பிருவேன்டா!"

அதுக்கப்பறம் பல் இல்லாம யார் முன்னாடியும் வரமாட்டாரு. படுக்கப் போறப்ப கழட்டி டம்ளர் தண்ணியில போடுவாரு. காலையில மாட்டிக்கிட்டுத்தான் கதவைத் தொறப்பாரு.

மாசி மாசம் ஒரு நாள் விடிஞ்சும் எந்திரிக்கல. தொட்டா ஒடம்புல சூடு இருந்துச்சு, மூச்சு இல்ல. நான் போட்ட சத்தத்துல பங்காளி வீட்டு ஆம்பளைங்க ஓடியாந்தாங்க. வாய் தொறந்து கெடந்துச்சு. அதுல பெரியவர், "வெறைக்கிறதுக்குள்ள கட்டணும், துணி கொண்டாங்க"ன்னாரு. வேட்டியைக் கிழிச்சுத் தாடைக்கு அடியில கொடுத்து உச்சியில முடிச்சுப் போட்டாங்க.

டம்ளர் சன்னல்லதான் இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அத்தனை ஆம்பளைங்க நிக்கயில, அவருக்குப் பல்லை வைங்கன்னு எப்படிச் சொல்றது? முந்தானையை வாயில வச்சு அழுதேன், சொல்லல.

மகனுக்கு லீவு கிடைக்கல. எடுக்குறதுக்கு முன்னாடி போன்ல மொகத்தைக் காட்டச் சொன்னான். திருக்கோகர்ணத்துல இருந்து மக வந்து சேரவே மத்தியானம் ஆச்சு. அவ காதுலதான் சொன்னேன். டம்ளரைத் தூக்கிக்கிட்டு ஓடுனா. தாடையைத் தொட்டுப் பாத்த பெரியவர் என் பக்கம் திரும்பி, "இனிமே தொறக்காது ஆத்தா, மொதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னாரு.

போன்ல மகன் இன்னும் கிட்டக் காட்டச் சொன்னான். அப்பறம், "இது யாரும்மா? கன்னமெல்லாம் உள்ள போயிருக்கு... அப்பா பல்லு எங்கம்மா?"ன்னான்.

"இருக்குப்பா"ன்னேன்.

மக அதைத் துணியில முடிஞ்சு அவர் கைக்குப் பக்கத்துல வச்சா. அதோட பொதைச்சாச்சு. மகன் இன்னமும் வாரம் தவறாமப் பேசுறான். ஏன் வைக்கலைன்னு மட்டும் கேக்க மாட்டேங்குறான்.

வாயைக் கட்டயிலேயே சொல்லியிருந்தா பல்லு உள்ள நின்னிருக்குமா, இல்ல நழுவி விழுந்திருக்குமா? எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க யாராச்சும் இதைப் படிச்சா, பல்லு நின்னிருக்குமான்னு சொல்லுங்க. மகன்கிட்ட வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடி எனக்கு அது தெரியணும்.