அறுபது வார்த்தை, ஒரு அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குச் சாங்வியிலிருந்து தனசேகர் வந்தார். புனே பக்கம் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் என்னோடு வேலை பார்ப்பவர். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் – போகட்டும். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். அவருடைய மகனுக்கு ராணுவ அதிகாரி தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

"சார், சுமதிக்காக நீங்க ஒரு நோட்டு போட்டிருந்தீங்களாமே? ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்."

உள்ளே சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. என் மனைவி வசந்தா சிரிப்பை அடக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது விழும்.

அந்த நோட்டின் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கார்கில் சண்டை முடிந்த சமயம். எங்கள் குடியிருப்பில் டிகிரி முடித்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அதிகாரி ஆகும் ஆசை வந்தது. எங்கள் மகள் சுமதிக்கும் வந்தது. விண்ணப்பித்தாள், அழைப்பும் வந்தது. வயது வரம்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு இரண்டே வாய்ப்புதான். இரண்டும் போனால் கதவு சாத்தப்பட்டுவிடும். கணக்கை அவளிடம் காட்டினேன். அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், இந்தத் தேர்வை நாமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

அந்தத் தேர்வு நாம் எழுதிய பரீட்சைகளைப் போன்றதல்ல. ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். மைதானத்தில் குழுவாக வேலை வைக்கிறார்கள், நேர்முகம் காண்கிறார்கள், ஒருநாள் முழுக்க மனசைச் சோதிக்கிறார்கள். திரையில் ஒரு வார்த்தை வரும். பதினைந்து விநாடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி அறுபது வார்த்தைகள், இடைவெளி கிடையாது. பிறகு மங்கலான படங்களைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷத்தில் ஒரு கதை. அப்புறம் அறுபது இக்கட்டுகள் – இப்படி ஆனால் என்ன செய்வீர்கள்? – அரைமணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டும்.

நான் கிடங்கில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் பிரிவில் சேர்ந்து அப்போது இருபத்தோரு வருஷம். எனக்குத் தெரிந்து எந்தப் பொருளுக்கும் ஒரு ரேக், ஒரு எண் உண்டு. வார்த்தைக்கு மட்டும் இருக்காதா? இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, அகர வரிசையில் வார்த்தைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரியான வாக்கியத்தை எதிரே எழுதினேன். 'தாமதம்' – தாமதம் கண்டிக்கத்தக்கது. 'இருட்டு' – இருட்டில் டார்ச் பயன்படும். 'நண்பன்' – நண்பனைத் தீர விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினேன். கண்டிப்பு இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

தினம் மாலை ஆறரைக்குப் பயிற்சி. கையில் ஸ்டாப் வாட்ச்.

இக்கட்டுகளில்தான் முதல் தகராறு. 'காட்டுவழியில் சைக்கிளில் போகிறீர்கள். செயின் அறுந்துவிடுகிறது. எதிரே பாம்பு. என்ன செய்வீர்கள்?' நான் எழுதிய மாதிரி விடை: சைக்கிளை ஓரமாக நிறுத்துவேன், சேதத்தைக் குறித்துக்கொள்வேன், மேலதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவிப்பேன்.

சுமதி நோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "அதுவரைக்கும் பாம்பு வெயிட் பண்ணுமா அப்பா?"

படங்களுக்குப் பழைய காலண்டர்களிலிருந்து வெட்டி வைத்திருந்தேன். ஒரு படத்தில் ஒருவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்க்கிறார். அவர் ஓர் இளம் பொறியாளர், கிராமத்துக்கு அணை கட்டித் தருவது பற்றிச் சிந்திக்கிறார் என்று கதையை ஆரம்பித்துக் கொடுத்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த வசந்தா எட்டிப் பார்த்தாள்.

"அணையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பால்காரன் இன்னும் காணோமேன்னு பாக்கறாரு. உங்களை மாதிரியே நிக்கறாரு, பாருங்க."

அன்று மேற்கொண்டு பயிற்சி நடக்கவில்லை.

அடுத்தது அழைப்போடு வந்த சுயவிவரப் படிவம். பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம். சுமதி யோசித்துவிட்டு, "லோகல் ட்ரெயின் மேட்டர் எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

அது என்ன மேட்டர் என்றால்... சுமதி சிவாஜிநகரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தாள். காலை லோகல் லோனாவ்லாவிலிருந்து வருகிறது. பெண்கள் பெட்டியில் முன்னாலேயே தளேகாவ்க்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். தேஹு ரோட்டில் ஏறுபவர்களுக்குக் கடைசிவரை நிற்கிற கதிதான். தினமும் மராட்டியில் சண்டை. இவள் போய் இரண்டு தரப்பிலும் பேசி ஓர் ஏற்பாடு செய்தாள்: பாதி வழியில் இருக்கும் பிம்ப்ரி வரைக்கும் அவர்கள் உட்கார வேண்டும், பிம்ப்ரியில் எழுந்து இவர்களுக்கு இடம் தர வேண்டும், திரும்பும்போது நேர்மாறாக. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் எழுந்திருக்க வேண்டாம். இன்றைக்கும் அந்தப் பெட்டியில் அதுதான் சட்டம் என்கிறார்கள்.

ரயிலில் இடம் பிடிப்பதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று கேட்டேன். அடித்துவிட்டு 'நாட்குறிப்பு எழுதுதல்' என்று எழுத வைத்தேன். ஒழுக்கமான பழக்கம். நான் முப்பது வருஷமாகச் செய்வது. வசந்தா மட்டும், "அது உங்க பொழுதுபோக்கு இல்லைங்களா?" என்றாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

சுமதி தேர்வு நடக்கும் போபாலுக்குப் போனாள். ஐந்தாம் நாள் முடிந்து ரயிலேறி வந்து சேர்ந்தாள். தேர்வாகவில்லை.

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, நேர்முகத்தில் நடந்ததை மெதுவாகச் சொன்னாள். அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, டயரி எழுதுவாயா, நல்லது, நேற்று என்ன எழுதினாய் என்று கேட்டிருக்கிறார். போன வாரம்? போன மாதம்? கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாளாம், அது அப்பாவின் பழக்கம் என்று. அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "அப்படியென்றால் உங்கள் அப்பாவையே அனுப்பியிருக்கலாமே" என்றாராம்.

வசந்தாவின் கையிலிருந்து எந்தப் பாத்திரமும் விழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு அப்பா," என்றாள் சுமதி. "அதையாவது நான் போறேன்."

அன்று நோட்டை எடுத்துத் தனியாக உட்கார்ந்து புரட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். சந்தேகப்படுகிறவை, கண்டிக்கிறவை, விசாரிக்கிறவை, டார்ச் பிடிக்கிறவை. ஒன்றில்கூட என் மகள் இல்லை.

எங்கள் பிரிவின் வேலையே என்ன? பதிவேட்டில் இருப்பதும் ரேக்கில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான். அந்தத் தேர்வும் அதையேதான் செய்கிறது. எழுதியதில் ஓர் ஆள், மைதானத்தில் ஓர் ஆள், நேர்முகத்தில் ஓர் ஆள் – மூவரும் ஒருவரேதானா? பதினைந்து விநாடி கொடுப்பது சரியான விடையைக் கண்டுபிடிக்க அல்ல. இன்னொருவராக நடிக்க நேரம் இல்லாமல் செய்யத்தான். இருபத்தோரு வருஷம் ஸ்டாக் சரிபார்த்தவன், சொந்த மகள் விஷயத்தில் பதிவேட்டை நானே திருத்தி எழுதியிருக்கிறேன். கிடங்கில் செய்திருந்தால் சஸ்பென்ஷன்.

அடுத்த வருஷம் இரண்டாவது அழைப்பு வந்தது. படிவத்தை அவளே நிரப்பி, அவளே ஒட்டி, அவளே தபாலில் போட்டாள். மாலை ஆறரைக்கு ஸ்டாப் வாட்ச் மேஜை இழுப்பறையில் இருந்தது. நான் வாசலில் இருந்தேன். என் பங்குக்குச் செய்தது ஒன்றே ஒன்று – போகவர டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். திரும்பும் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகியிருந்தது. கோச், பெர்த் எண் எல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது.

ஐந்தாம் நாள் மதியம் இரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

"அப்பா, ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க."

"ஏம்மா? கன்ஃபர்ம் ஆன டிக்கெட் ஆச்சே. லோயர் பெர்த் வேற."

வசந்தா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"மெடிக்கலுக்கு இருக்கச் சொல்லிட்டாங்களா கண்ணு?"

தேர்வானவர்களை மட்டும்தான் மருத்துவப் பரிசோதனைக்கு நிறுத்திவைப்பார்கள். இந்த விதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துச் சொன்னவனே நான்தான். எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷமும் வசந்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பி வந்தவள் கதை கதையாகச் சொன்னாள். லோகல் ட்ரெயின் சமாசாரத்தை இந்த முறை படிவத்தில் எழுதியிருந்தாளாம். அதிகாரி வேறு கேள்விக்கே போகாமல் அதையே துருவியிருக்கிறார். பிம்ப்ரியில் எழுந்திருக்க மறுத்தவள் யாராவது உண்டா? அவளை என்ன செய்தாய்? 'அவங்க டிபனில் பாதியை வாங்கிச் சாப்பிட்டேன் சார், அப்புறம் அவங்களே எழுந்துட்டாங்க' என்றிருக்கிறாள். பாம்பு கேள்வியும் வந்திருந்ததாம்; அதற்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். 'சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வேற வழியா போவேன்' என்றாள். அவ்வளவுதானாம். ஐந்து விநாடி.

இதையெல்லாம் தனசேகரிடம் விவரமாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்ததும், "அதெல்லாம் சரி சார்... இருந்தாலும் அந்த நோட்டு?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். ஆனால் முதல் பக்கத்தில் தேதி போட்டு ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்: 'இவை சரியான விடைகள் அல்ல. என்னுடைய விடைகள்.'

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தத் தேர்வில் கடைசியாக ஒரு தாள் உண்டு. உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று எழுத வேண்டும். முதல் தடவை, நான் தயாரித்துக் கொடுத்த பதினோரு வரிகளை எழுதியிருந்தாள். இரண்டாம் தடவை என்ன எழுதினாள் என்று அவள் திரும்பி வந்த அன்றைக்கே கேட்டேன்.

"ரெண்டே லைன்தான் அப்பா. அம்மா என்னை நம்பறாங்க. அப்பா செக் பண்ணிட்டு நம்புவாரு."

நன்றாகத்தான் இருந்தது. சரியாகவும் இருக்கிறதா என்று வசந்தாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே நாட்குறிப்பில் எழுதினேன்.