கவுஸ் பாஷாவின் கேரவன் ஒழுகிய கதை

போளூர் ரோட்டில் கவுஸ் பாஷாவின் பட்டறையைத் தேடிப் போகிறவர்கள் விலாசம் கேட்கத் தேவையில்லை. தகரம் அடிக்கிற சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனால் போதும். மினி லாரி, பள்ளிக்கூட வேன், தண்ணீர் வண்டி என்று அவர் பாடி கட்டாத வண்டி ஊரில் கம்மி. மீசை அரும்புவதற்கு முன்பே ராணிப்பேட்டைப் பக்கம் பஸ் பாடி கட்டும் கொட்டகை ஒன்றில் சேர்ந்து தொழில் கற்றவர். பாய் கட்டின வண்டியில் மழைத் தண்ணீர் இறங்காது என்பது டிரைவர்கள் நடுவே பேச்சு. மனிதர் லேசில் சிரிக்க மாட்டார். ஆனால் மழை நாளில் தன் வண்டி ஏதாவது எதிரே வந்துவிட்டால் மாப்பிள்ளையைப் பார்த்த மாமனார் போல முகம் மலர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவர் இந்த ஐப்பசியில், தான் கட்டிய புத்தம்புது வண்டிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, மெத்தையின் மூலையைத் தடவிப் பார்த்து, தடவிய விரலை மோந்தும் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். மெத்தை சொதசொதவென்று நனைந்திருந்தது.

அது லாரியும் இல்லை, வேனும் இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீடு. கட்டில், அடுப்பு, சின்னதாய் ஒரு கக்கூஸ் எல்லாம் உள்ளே அடக்கம். கேரவன் என்று பெயர். சினிமாக்காரர்கள் வைத்திருப்பதைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. ரமணாசிரமம் பக்கம் ரூம் வாடகைக்கு விடும் சகாதேவன், தன்னிடம் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் போனில் காட்டிய படத்தைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பாயிடம் வந்து நின்றார். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தே அலுத்துப்போன மனிதர். கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மனைவி வேதாவோடு தானும் ஊர் சுற்றக் கிளம்புவதாக ஏற்பாடு.

கவுஸ் பாஷா இந்த வேலையை ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அது அவருடைய மனைவி ஜாஹிராவைத் தவிர யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளாக அவருக்கு மறதி ஜாஸ்தியாகியிருந்தது. டீ குடித்த கிளாஸைக் கொண்டுபோய் ஆணி டப்பாவுக்குள் வைத்தார். தொழுகையில் இது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று திகைத்தார். ஒரு நாள் சொந்தத் தெருவைத் தாண்டிப் போய், திரும்பும் வழி தெரியாமல் ஒரு மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜாஹிராதான் தேடிப் போய்க் கூட்டி வந்தார்.

"வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாங்க" என்று பிடித்த பிடியாய் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஜாஹிரா. இது நான் இதுவரைக்கும் கட்டாத வண்டி. கட்டி முடிக்கறேன், பாரு. ஒரு சொட்டு தண்ணி எறங்கலன்னா என் மூளை நல்லா இருக்குதுன்னு அர்த்தம். எறங்குச்சுன்னா நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்" என்றார் இவர்.

தகரத்தை வைத்து மூளைக்குப் பரீட்சை நடத்துவது எந்த ஊர் வைத்தியமோ! ஆனால் அவருக்குத் தெரிந்த பரீட்சை அதுதான். வண்டி முடிந்தது. சகாதேவன் எடுத்துப்போய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்திப் பூஜை போட்டார். முதல் மழையிலேயே மெத்தை நனைந்துவிட்டது.

வேதா படியில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிடும்மா" என்றார் பாய். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. ரப்பர் பைப்போடு வந்தார். உள்ளே தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, ஜன்னல் ஓரங்களில் முகப்பவுடர் தூவினார். தண்ணீர் ஒரு கோடு இறங்கினாலும் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். வண்டியின் முன்பக்கம், உச்சியில் ஒரு குதிரை லாடம் திருகப்பட்டிருந்தது. திருஷ்டிக்காக மாட்டுவது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அடுத்தவர் சாமி காரியத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பாலிதீன் பையால் அதைப் பக்குவமாக மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம் அடி அடி என்று அடித்தார். உள்ளே போய்ப் பார்த்தால் பேப்பர் அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது.

பையைப் பிரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் மழை பெய்தது. மெத்தை நனைந்தது.

பைப் தண்ணீர் இறங்காத வண்டியில் மழைத் தண்ணீர் மட்டும் எப்படி இறங்கும்? கவுஸ் பாஷாவுக்குத் தலை சுற்றியது. பாத்திரம் கழுவும் தொட்டியைச் சந்தேகப்பட்டு அதைப் பெயர்த்துப் பார்த்தார். கக்கூஸ் தொட்டியைச் சந்தேகப்பட்டார். ஏசியைச் சந்தேகப்பட்டார். சகாதேவன் தன் பங்குக்கு, ரூம் கூட்டுகிற வேலைக்காரி தனத்தைச் சந்தேகப்பட்டு, "மாப் போட்டுட்டு பக்கெட்ட கட்டில் மேல வெச்சியா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாய், தண்ணீர் புகாமல் ஜன்னல் ஓரங்களில் பூசியிருந்த சீலண்டை எல்லாம் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினார். கூரை மூட்டுகளில் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. வண்டி புண்ணுக்கு மருந்து போட்ட மாடு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மழையிலும் அதே மூலைதான், அதே ஈரம்தான்.

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கோளாறு தகரத்தில் இல்லையோ? ஏதோ ஒரு மூட்டைப் பூசாமலே விட்டுவிட்டு, விட்ட இடத்தையும் மறந்துவிட்டோமோ? ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்தபடி, வண்டியை முதலிலிருந்து மனசுக்குள் கட்டிப் பார்த்தார். அடிச்சட்டம் ஞாபகம் இருந்தது. பக்கச் சுவர் ஞாபகம் இருந்தது. அதற்கு மேலே எல்லாம் மங்கலாக இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கூட வேலை செய்த வெல்டர் கருப்பன், தன் மகள் பிரசவத்துக்காகச் செங்கம் போனவன் இன்னும் திரும்பவில்லை, போனையும் எடுப்பதில்லை.

"ஒழுகுதாங்க இன்னும்?" என்றார் ஜாஹிரா.

"கண்டுபுடிச்சிடுவேன்."

ஜாஹிரா வேலூர்ப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

வழி ஒரு பஞ்சர் கடையில் கிடைத்தது. டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பையன்கள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், விறுவிறுவென்று பட்டறைக்குப் போய்க் காற்றடிக்கும் பிளோயரைத் தூக்கிக்கொண்டு சகாதேவன் வீட்டுக்கு வந்தார். வண்டியின் ஒரு ஜன்னலில் பிளோயரை வைத்து, சுற்றி அட்டை ஒட்டி, மற்றதையெல்லாம் இறுக மூடி, உள்ளே காற்றை ஏற்றினார். வெளியே சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் பூசினார். வண்டியே ஒரு டியூப். ஓட்டை இருந்தால் குமிழி வந்தே ஆக வேண்டும்.

வரவில்லை. ஜன்னலில் இல்லை, கூரையில் இல்லை, கதவில் இல்லை. ஏணியை நகர்த்தி நகர்த்திப் பூசினார். முன்பக்கம் வந்ததும் லாடத்தைச் சுற்றி மட்டும் கோலம் போடுவது போல ஒதுக்கிப் பூசினார். கீழே நின்ற வேதா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த எடத்துல ஏன் பாய் பூசல?"

"அது உங்க சாமி விஷயம்மா. சோப்புத் தண்ணி படக்கூடாது."

"எங்க சாமியா?" வேதாவுக்குப் புரியவில்லை. "அத நீங்கதான மாட்டினீங்க! வண்டி வர்றப்பவே இருந்துச்சே. பாய் ஆசையா போட்டுக் குடுத்திருக்காரு, சும்மா உடக்கூடாதுன்னு நான் பொட்டு வெச்சேன்."

"நானா? இல்லம்மா. பூஜை போடறப்ப நீங்க மாட்டினதுன்னுல்ல நான் நெனைச்சேன்!"

இருவரும் சகாதேவனைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். யாருமே மாட்டாத லாடம் ஒன்று வண்டியின் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது. வேதா, "பூசுங்க பாய், சாமி கோவிச்சிக்காது" என்றார். பாய் பூசினார். திருகின் தலையைச் சுற்றிக் குமிழி புசுபுசுவென்று பொங்கியது.

லாடத்தின் திருகு தகரத்தைத் துளைத்து, உள்ளே இருந்த குழல் சட்டத்தில் இறங்கியிருந்தது. அடியில் துளி சீலண்ட் இல்லை. மழைத் தண்ணீர் அந்தக் குழலுக்குள்ளேயே நீள ஓடி, பின்பக்கக் கட்டில் மூலையில் வந்து சொட்டியிருக்கிறது. தண்ணீர் அடித்துச் சோதித்த நாளில் பாய் அந்த ஒரே ஓட்டையைத்தான் பை போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்! சகாதேவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கவுஸ் பாஷாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. தன் வேலையில் குறை இல்லை, யாரோ எவனோ போட்ட திருகு! நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. லாடத்தைக் கழற்றித் துடைத்து வேதாவிடம் கொடுத்தார். ஓட்டையை அடைத்தார். ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சொல்வது என்று இருந்தார். அன்று ராத்திரி பெய்த மழையில் மெத்தை காய்ந்தே இருந்தது.

மறுநாள் கருப்பன் பேரன் பிறந்த மிட்டாயோடு பட்டறைக்கு வந்தான். கவுஸ் பாஷா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே, உற்சாகமாகக் கதையை ஆரம்பித்தார்.

"எவனோ ஒரு லாடத்தத் திருகி வெச்சி, ஒரு மாசமா என் உயிர வாங்கிட்டான்டா!"

கருப்பன் சிரிக்கவில்லை. அவர் விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தான்.

"இன்னா பாய் இப்டி சொல்றீங்க? அது உங்க வாப்பா ஜட்கா ஓட்டுனாரே, அந்தக் குதிரையோட லாடம். நீங்கதான் வீட்லருந்து எடுத்தாந்தீங்க. மொத கேரவன், கண்ணு படக்கூடாதுன்னு மாட்டச் சொன்னீங்க. நான் திருகுனேன், நீங்க ஏணியப் புடிச்சிக்கினு நின்னீங்க."

"சீலண்ட்?"

"நான் கேட்டேன் பாய். நீ போ, அத நான் வெச்சிக்கறேன்னீங்க."

கவுஸ் பாஷா உட்கார்ந்துவிட்டார். வாப்பாவின் ஜட்கா அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெள்ளைக் குதிரை. ரயிலடியில் அது புல் தின்கிற சத்தம் கூடக் காதில் கேட்டது. ஆனால் போன மாதம் அந்த லாடத்தை வீட்டிலிருந்து எடுத்தது, கருப்பன் கையில் கொடுத்தது, ஏணியைப் பிடித்தது, எதுவுமே இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை. நேற்றுத் துடைத்துக் கொடுத்தபோது கூட அது யாருடையது என்று தெரியவில்லை. கருப்பன் பொய் சொல்கிறவன் இல்லை. பயத்தை விட அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். செய்தி அதற்குள் வேதா மூலமாகப் போனில் வந்துவிட்டது போல. ஜாஹிரா வாசலுக்கே வந்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது.

"ஒழுகறது நின்னுடுச்சாமே! உங்க மேல தப்பே இல்லியாம். நான்தான் வீணா பயந்துட்டேங்க. வேலூரும் வேணா, ஒண்ணும் வேணா."

அந்த முகத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"போலாம் ஜாஹிரா. நாளைக்கே போலாம்" என்றார். "டாக்டர் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லு. நான் சொன்னா, இல்லாததச் சொல்லிடுவேன்."