பெரிய குண்டுக்கு ஒரு பூமி

கொழும்பில் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கேட்டால் டோரின் ரீச்சர் யோசிக்காமல் சொல்வார்: ஒன்பது தசம் ஏழு எட்டு. புத்தகத்தில் ஒன்பது தசம் எட்டு ஒன்று என்றல்லவா இருக்கிறது என்று யாராவது இழுத்தால், புத்தகம் எழுதினவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்திருக்கமாட்டார் என்பார். பூமி துருவங்களில் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். நடுக்கோட்டுக்குக் கிட்டக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். கொழும்பு நடுக்கோட்டுக்குக் கிட்ட. ஆண்டவர் எங்களுக்குத் தந்த சின்னச் சலுகை அது என்று வகுப்பில் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் அறுபது வயது வரை பௌதிகவியல் படிப்பித்தவர். கணவர் ஹியூபேட் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து முந்தியே போய்விட்டார். ஒரே மகள் பிறிஜெற் பொறியியலாளர். ஓய்வுபெற்ற அன்று பாடசாலையில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ரீச்சர் அதைக் கொண்டுவந்து குசினியில் மாட்டி, நிறுத்தற்கடிகாரத்தை வைத்து அது எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்தார். பிந்தியது. அடுத்த கிழமை புது வேலை தேடி வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளவத்தையில் நாகேந்திரம் மாஸ்ரர் நடத்திய ரியூற்றரி, பரீட்சைக்குப் படிப்பிக்கும் தனியார் வகுப்பு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கீழே இரண்டு பெரிய மண்டபம். மேலே மூலையில் ஒரு சின்ன அறை. அந்த அறையை ரீச்சர் ஆய்வுகூடம் ஆக்கினார். உப்புக்காற்றில் தாங்கிகளின் திருகுகள் துருப்பிடிக்கும். கிழமைக்கொரு தடவை தேங்காய் எண்ணெய் பூசுவார். யன்னலைத் திறந்தால் ரயில் சத்தம். ரயில் போகும்போது ஊசலை எண்ணக்கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் ஊசலைப் பற்றியது. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஆடும் நேரத்தை அளந்து, அதிலிருந்து பூமியின் இழுவையைக் கண்டுபிடிப்பது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் பரிசோதனை. நூலின் நீளத்தைக் குண்டின் நடு வரை அளக்கவேண்டும் என்று மற்ற இடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். குண்டின் நடுவை யார் கண்டார்கள் என்று டோரின் ரீச்சர் கேட்பார். அவருடைய பிள்ளைகள் குண்டின் தலை வரைக்கும்தான் அளப்பார்கள். விடுபட்ட பாதிக் குண்டு எங்கும் ஓடிப்போகாது. வரைபில் கோடு போட்டால், அந்தக் கோடு பூச்சியத்தினூடாகப் போகாமல் கொஞ்சம் தள்ளி வெட்டும். அந்தத் தள்ளல்தான் பாதிக் குண்டு. கோட்டின் சாய்வு, அதாவது படித்திறன், சுத்தமாக இருக்கும். ஆகவே முதலில் கோட்டைப் பார், பிறகு படித்திறனைப் பார். இது கரும்பலகையின் மேல் மூலையில் எப்போதும் எழுதியிருக்கும். யாரும் அழிக்கக்கூடாது.

நாகேந்திரம் மாஸ்ரருக்கு இதெல்லாம் வீண் வேலை. அவருடைய மண்டபங்களில் பிள்ளைகள் வாசல்படி வரை இருப்பார்கள். பரீட்சையில் ஊசலைத் தொடத் தேவையில்லை, ஊசலைப் பற்றி எழுதினால் போதும் என்பது அவருடைய கட்சி. மேல் அறையில் மேசைகளைக் கழற்றிவிட்டு நீள வாங்குகள் போட்டால் இன்னொரு வகுப்பு நடத்தலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2012இல் ஒரு நாள் சொல்வதை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார்.

"ரீச்சர், ஒருத்தி ஒம்பது தசம் ஆறெண்டுறாள். மற்றவள் ஒம்பது தசம் ஒம்பதெண்டுறாள். தாய் தேப்பன் என்னட்டை வந்து கேக்கினம். பேப்பரிலை பத்து. பத்தெண்டால் பெருக்கவும் சுகம்."

"பூமிக்குப் பெருக்கத் தெரியாது, மாஸ்ரர்."

மாஸ்ரர் சிரிக்கவில்லை. வருகிற ஞாயிறு பெற்றார் கூட்டம், அதில் மேல் அறை வகுப்பறையாகிறது என்று அறிவிக்கப்போவதாகச் சொன்னார். ரீச்சர் கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். எல்லாப் பிள்ளைகளின் விடையையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டுகிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றார். படம் என்றதும் மாஸ்ரருக்குக் கொஞ்சம் ஆசை. பெற்றாருக்குப் படம் பிடிக்கும். சனிக்கிழமை பார்ப்போம் என்று இறங்கிப்போனார்.

அந்த அறை போனால் டோரின் ரீச்சருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பிந்துகிற கடிகாரமும் காலைப் பூசையும்தான் மிச்சம். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் கொம்பியூட்டரில் கோடு போடுகிற சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. பிறிஜெற் தன் பழைய மடிக்கணினியில் ஒரு இலவச மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு குழுவின் அளவுகளையும் தட்டினால் அது புள்ளிகளை வைத்து, அவற்றுக்கு நன்றாகப் பொருந்தும் கோட்டைப் போட்டு, படித்திறனைச் சொல்லும். பிறகு எல்லாக் குழுக்களின் விடைகளையும் ஒரே படத்தில் புள்ளி புள்ளியாக வைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் ஒரு சின்னத் தடி. விடை எவ்வளவு ஆடக்கூடும் என்பதைத் தடியின் நீளம் காட்டும்.

"தன்னில நம்பிக்கை இல்லாத விடைக்கு நீளத் தடி," என்று ரீச்சர் உடனே விளங்கிக்கொண்டார். "உன்ர அப்பாவுக்கு இவ்வளவு வரும்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

பழகுவதற்கு முதலில் ஓமின் விதிப் பரிசோதனையைப் போட்டுப் பார்த்தார். மின்னழுத்தம் இல்லாவிட்டால் மின்னோட்டமும் இல்லை. ஆகவே கோடு பூச்சியத்தினூடாகப் போகத்தான் வேண்டும். மென்பொருளில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ரீச்சர் அதில் சரி அடையாளம் போட்டார். கோடு கீழ்ப்படிவோடு பூச்சியத்தில் வந்து நின்றது. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பாடசாலையில் ஒரு பிள்ளைகூட அவ்வளவு சொல்வழி கேட்டதில்லை.

அதன் பிறகு ஊசல் அளவுகளைத் தட்டத் தொடங்கினார். நான்கைந்து தொகுதிப் பிள்ளைகளின் அளவுகள். ஒரு விரலால் தட்டுவார். தட்டி முடிந்ததும், தனித்தனிக் கோடுகளைப் பார்க்கப் பொறுமை இல்லாமல், கடைசிப் படத்தையே நேரே அச்சடித்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு ஓடினார்.

சனிக்கிழமை பின்னேரம் மேல் அறையில் மூன்று பேர்: ரீச்சர், நாகேந்திரம் மாஸ்ரர், கணிதம் படிப்பிக்கும் மர்ஸூக் மாஸ்ரர். மர்ஸூக் நடுநிலை. அவருக்குத் தேநீர் வந்தால் போதும்.

படத்தைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் ரீச்சர் அதை ஆறுதலாகப் பார்த்தார். புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்கவில்லை. இரண்டு வரிசை. ஒன்று ஒன்பது தசம் ஏழுக்கு அருகில். மற்றது கீழே, ஒன்பது தசம் ஐந்தில். நடுவில் வெறும் கடதாசி.

"இந்தக் கீழ் வரிசை ஆர்?" என்றார் நாகேந்திரம் மாஸ்ரர்.

பெயர்களைப் பார்த்தார்கள். பெரிய பித்தளைக் குண்டு கட்டியவர்கள் எல்லோரும் கீழே. சின்ன ஈயக் குண்டு கட்டியவர்கள் எல்லோரும் மேலே. குண்டு எதுவாக இருந்தாலும் விடை மாறக்கூடாது என்பதுதான் அந்தப் பரிசோதனையின் முழு அர்த்தமும்.

மாஸ்ரர் படத்துக்குக் கிட்டப் போனார். தள்ளி நின்றார். திரும்பவும் கிட்டப் போனார். சந்தோசப்படாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"ரீச்சர், உங்கட லாப்பிலை பெரிய குண்டுக்கு ஒரு பூமி, சின்னக் குண்டுக்கு இன்னொரு பூமி போலை."

மர்ஸூக் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ரீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கூட்டம் நாளைக்கு என்று மாஸ்ரர் ஞாபகப்படுத்தினார். படத்தை நாளைக் காலை வரை கழற்றவேண்டாம் என்று மட்டும் ரீச்சர் கேட்டார். இரண்டு குண்டுகளையும் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மிஸ், பஸ்ஸில யாரும் பையில என்ன எண்டு கேட்டா அந்தப் பேரச் சொல்லாதீங்க," என்றார் மர்ஸூக். "சண்டை முடிஞ்சாலும் பேர் அதேதான் இரிக்கி."

பஸ்ஸில் யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பம்பலப்பிட்டி தாண்டும் வரை ரீச்சர் எல்லோர் மீதும் கோபமாக இருந்தார்: பிள்ளைகள் மீது, கொம்பியூட்டர் மீது, பித்தளை மீது. பிறகு கோபப்பட ஆள் தீர்ந்துபோய், கைப்பையைத் திறந்து இரண்டு குண்டுகளையும் மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் பையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

பெரிய குண்டுக்கு ஒரு பூமி. அந்த மனிதனின் வாயை நினைத்தால் எரிச்சலாக இருந்தது. ஆனால் பகிடியில் ஒரு பிழையும் இல்லை. குண்டைப் பார்த்து விடை மாறுகிறது. பாரத்தாலா? பாரம் கணக்கில் வராது. அப்படியென்றால் வேறு எதில் இவை இரண்டும் வித்தியாசம்? பெருவிரலால் பித்தளையைத் தடவினார். பிறகு ஈயத்தை. பருமன். பிள்ளைகள் குண்டின் தலை வரைக்கும்தான் அளக்கிறார்கள். பெரிய குண்டில் பெரிய பாதி விடுபடுகிறது, சின்னக் குண்டில் சின்னப் பாதி. அது கோடு தள்ளி வெட்டும் இடத்தில்தானே இருக்கவேண்டும்? எப்படிப் படித்திறனுக்குள் புகுந்தது? கோட்டை யாராவது பூச்சியத்தில் பிடித்துக் கட்டினால் ஒழிய...

"ஓமின் விதி," என்றார் டோரின் ரீச்சர், சத்தமாக.

பக்கத்துப் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

தான் போட்ட சரி அடையாளம். மென்பொருள் அதை மறக்கவில்லை. அவர்தான் மறந்துவிட்டார். அதுவும் கோட்டைப் பார்க்காமல் படித்திறனைப் பார்த்திருக்கிறார். கரும்பலகையில் முப்பத்தைந்து வருடமாக எழுதிவந்தவர். வெட்கத்தில் ரீச்சருக்கு முதலில் காது சுட்டது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்து நிமிர்ந்தபோது கொட்டாஞ்சேனை எப்போதோ போய்விட்டிருந்தது.

"கொஹெத அம்மே பஹின்னே?" என்று கொண்டக்டர் கேட்டான், எங்கே இறங்கவேண்டும் என்று. ரீச்சர் முகத்துவாரத்தில் இறங்கி, மீன் கூடைகளுக்கு நடுவில் ஒரு முச்சக்கரவண்டி பிடித்துத் திரும்பி வந்தார். குண்டுகள் பையில் இருந்து ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு வந்தன.

ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு வெள்ளவத்தைக்குப் போனார். நாகேந்திரம் மாஸ்ரர் கீழ் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். ரீச்சர் அவரை மேலே கூட்டிக்கொண்டுபோய் மடிக்கணினியைத் திறந்தார். மர்ஸூக் கேட்காமலே பின்னால் ஏறி வந்தார்.

"பிழை பிள்ளையளில இல்ல, மாஸ்ரர். என்னில. பாருங்கோ."

முதலில் ஒரே ஒரு குழுவின் கோட்டைக் காட்டினார். புள்ளிகள் ஒரு பக்கம் போக, கோடு கயிறு கட்டி இழுத்த மாடு மாதிரிப் பூச்சியத்துக்குத் திரும்பியிருந்தது. யாரும் பார்த்தால் தெரியும். அவர் பார்க்கவில்லை. பெட்டியில் இருந்த அடையாளத்தை எடுத்தார். கோடு அவிழ்ந்து புள்ளிகளின் மேல் போய்ப் படுத்தது. பிறகு கடைசிப் படம். இரண்டு வரிசையும் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. பித்தளையும் ஈயமும் தோளோடு தோள். எல்லாவற்றுக்கும் குறுக்கே சராசரிக் கோடு: ஒன்பது தசம் ஏழு எட்டு.

"ஒரு டிக் தானே மிஸ்," என்றார் மர்ஸூக். "இவ்வளவு பெரிய வேல செஞ்சிரிக்கி."

நாகேந்திரம் மாஸ்ரர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். அவர் பௌதிகவியல் தெரியாதவர் அல்ல. பத்தால் பெருக்கிப் பெருக்கி ஊசலை மறந்திருந்தார், அவ்வளவுதான். பாதிக் குண்டு எங்கே என்று கேட்டார். ரீச்சர் கோடு வெட்டும் இடத்தைக் காட்டினார். மாஸ்ரர் ரீச்சரின் கைப்பையில் இருந்த பித்தளைக் குண்டை வாங்கி, அடிமட்டத்தால் தானே அளந்தார். பாதி சரியாக இருந்தது. இன்னொரு முறை அளந்தார்.

"புத்தகத்திலை எண்பத்தொண்டு," என்றார், கடைசியாக ஒரு முயற்சி.

"அது அங்க. இது வெள்ளவத்தை."

கூட்டத்தில் மேல் அறை வகுப்பறையாகும் என்ற அறிவித்தல் வரவில்லை. அதற்குப் பதிலாக நாகேந்திரம் மாஸ்ரர் அச்சடித்த புதுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, கொழும்பில் பூமியை அளக்கிற ஒரே ரியூற்றரி எங்களுடையது என்று பெற்றாருக்கு விளக்கினார். யோசனை தன்னுடையது மாதிரித்தான் பேசினார். ரீச்சர் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

படத்தை மேல் அறையில் ஒட்டினார்கள். பிழையான படத்தையும் அதற்குக் கீழே ஒட்டவேண்டும் என்று ரீச்சர் பிடிவாதம் பிடித்தார். அதன் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: டோரின் கோட்டைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அது மிகப் பெரிய சந்தோசம். ஒவ்வொரு தொகுதியும் தன் புள்ளியை வைத்துவிட்டு, போகும்போது அந்த வரியையும் வாசித்துவிட்டுப் போகும்.

போன தை மாதம் டோரின் ரீச்சர் இறந்துபோனார். கொட்டாஞ்சேனை வீட்டில் செபமாலை முடிந்து, சாமியார் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் நாகேந்திரம் மாஸ்ரர் வந்தார். வயதாகிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிறிஜெற்றிடம் வந்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு வரவில்லை.

"இந்த வருசத்துப் பிள்ளையளும் முடிச்சிட்டினம், மகள். ஒம்பது தசம் ஏழெட்டுத்தான்."

அவள் தலையாட்டினாள். குசினிக் கடிகாரம் பிந்தி மணி அடித்தது.

"கோட்டைப் பாத்தனீங்களோ, அங்கிள்?"

"முதல் அதைத்தான் பாத்தனாங்கள்," என்றார் அவர்.