கழுத்துக்குக் கீழே பேமா

பேமா அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலை மடக்கி, மற்றக் காலின் முட்டியை நிமிர்த்தி, ரோஜாப்பூவை மூக்குக்கு நேராகப் பிடித்திருக்கிறான். பூ காலையிலேயே வாடிவிட்டது. ஓர் இதழ் உதிர்ந்து மடியில் விழுகிறது. அதைத் தட்டிவிடக் கூடாது. முதுகில் ஏறுகிற எறும்பையும் ஒன்றும் செய்யக் கூடாது. எதிரே ஓவியர் கமர்தீன், தாளில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, அணில்வால் முடித் தூரிகையால் அங்கியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்கிறார்.

“கொட்டாவி விடாதேடா.”

“வாய்தானே உஸ்தாத்ஜி. வாயை நீங்க வரையப் போறதில்லையே.”

“வாயைத் திறந்தா வயிறு உள்ள போகுது. எனக்கு வயிறுதான் வேணும்.”

கேசர்கட் அரண்மனையின் சித்திரக் கூடத்தில் பேமாவுக்கு இதுதான் உத்தியோகம். படத்துக்காக உட்கார ராஜாவுக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அவருடைய முகம் மான்தோலில் குத்திய துளைகளாகக் கமர்தீனின் பைக்குள் இருக்கிறது. தாளின்மேல் தோலை வைத்துக் கரித்தூளைத் தட்டினால் மூக்கும் மீசையும் தாமாக இறங்கிவிடும். உடம்புக்குத்தான் ஆள் வேண்டும். சபையில் வீற்றிருக்கும் ராஜா, பன்றி வேட்டையாடும் ராஜா, மழைக்காலத்தில் மாடத்தில் ராணியை அணைத்து நிற்கும் ராஜா என்று எத்தனையோ படங்கள். எல்லாவற்றிலும் கழுத்துக்கு மேலே ராஜா, கீழே பேமா.

ராணிக்குப் பதிலாக ஒரு திண்டை நிறுத்துவார்கள். இந்த விஷயம் எப்படியோ அவன் மனைவி தாபுவின் காதுக்குப் போய்விட்டது. “அந்தத் திண்டு மேல போடுற கையை ஒரு நாளாவது என் தோள் மேல போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். அன்று மாலை பேமா போட்டான். கை மேலே, விரல்கள் கீழே, முகம் வேறு திசையில், அப்படியே உறைந்து நின்றான். “எடுங்க, பயமா இருக்கு” என்றாள் தாபு.

மற்றப் பொழுதெல்லாம் அவன் யானைக் கொட்டாரத்தில் யானைகளுக்கு ரொட்டி தட்டுகிறவன். அங்கேதான் கமர்தீன் அவனைக் கண்டெடுத்தார். யானையை வரையப் போனவர் யானையை விட்டுவிட்டு இவனைச் சுற்றி வந்தார். மார்புக்குக் கீழே அவசரமில்லாமல் இறங்கி, தொப்புளில் சற்றே நின்று யோசித்து, அப்புறம் இடுப்புக்குள் மறைகிற வயிறு. அந்தச் சரிவு நாட்டில் இன்னொருவருக்குத்தான் உண்டு.

உடுப்பு அறையைக் காவல் காக்கும் கிழவர் குமான்ஜி, ராஜாவின் அங்கியைத் தட்டில் ஏந்திக் கொண்டுவருவார். பேமா முதலில் அங்கியைக் கும்பிடுவான், பிறகு அதற்குள் நுழைவான். நுழைந்தபின் குமான்ஜி அவனுக்கு முதுகைக் காட்டமாட்டார், பின்புறமாகவே அடியெடுத்து விலகிப் போவார். அங்கிக்கு ஒரு சட்டம் உண்டு: அது யாருக்கும் குனியாது. பேமாவுக்கு ஒன்றுக்கு வந்தால் அங்கியைக் கழற்றி மெத்தைமேல் உட்கார்த்திவைத்துவிட்டுப் போவான். திரும்பி வரும்வரை ஓர் ஆள் அதற்கு விசிறுவான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி குமான்ஜி ராஜாவின் இடுப்பைப் பட்டு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வருவார். அதே நூலைப் பேமாவுக்குச் சுற்றிப் பார்ப்பார். எட்டவில்லை என்றால் கூழ். தொளதொளத்தால் ராஜாங்கச் சமையலறையிலிருந்து நெய்ச்சோறு. முந்தைய வருஷம் ராஜா மாம்பழத்தில் இறங்கியபோது பேமாவும் இறங்க வேண்டியிருந்தது. ராஜா விரதம் இருந்தால் இவன் வீட்டில் அடுப்பு அணையும். “தாலி கட்டினது இவரு, வயித்துக்கு எஜமான் அவரு” என்று தாபு கிணற்றடியில் சொல்லிச் சொல்லி, ஊருக்கே தெரிந்துபோயிற்று. ராஜாவின் உடம்பு எப்படி என்று கடைத்தெருவில் யாரும் வைத்தியரிடம் கேட்பதில்லை. பேமா தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்வார்கள்.

போன குளிர்காலத்தில் ராஜா காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் போனது, பசி திரும்பவில்லை. தட்டு தட்டாகப் போன சாப்பாடு தட்டு தட்டாகத் திரும்பியது. அந்தப் பௌர்ணமியன்று குமான்ஜி கொண்டுவந்த நூலின் இரு முனைகளும் பேமாவின் விலாவிலேயே நின்றுவிட்டன. நடுவே ஒரு சாண் வயிறு வெளியே கிடந்தது.

“நூலு தப்பு” என்றான் பேமா.

“நூலு தப்பாது.”

“அப்போ நம்ம ராஜா அன்னதாதாவுக்கு...”

“வாயை மூடு. நாளையிலேர்ந்து கூழ்.”

பேமாவுக்குக் கூழே அதிகமாக இருந்தது. பார்த்தே இராத எஜமானை நினைத்துக் கலயத்தைத் தள்ளிவைத்தான். எத்தனை வருஷமாக அவருடைய அஜீரணத்தையும் அவருடைய பட்டினியையும் சேர்ந்து அனுபவித்தவன். சில நாளில் வேட்டி நிற்கவில்லை. யானைகளே அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தன. கடைத்தெருவில் தானிய வியாபாரி மூட்டைகளை உள்ளே இழுத்துவைத்தார். ஒரு தட்டான் தன் பெண்டுபிள்ளைகளை மாமனார் ஊருக்கு அனுப்பிவிட்டான்.

செய்தி திவானுக்கு எட்டியது. நெய் சொட்டும் கோதுமைப் பொங்கல் அண்டாவோடு அவரே பேமாவின் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“பக்கத்து நாட்டு மாண்ட்சர்க்காரன் எல்லையில கூடாரம் போட்டுட்டு உக்காந்திருக்கான். நம்ம கிணறு பூரா அவனுக்கு வேணுமாம். ராஜா கிடையில இருக்காருன்னு தெரிஞ்சா உள்ள வந்துருவான். நீ இங்க வத்திப்போய் ஊரெல்லாம் சுத்துற. சாப்பிடு.”

குமான்ஜி குறுக்கே வந்தார். “திவான் சாகேப், நூல்படி இவனுக்குக் கூழ்தான். அளவு மாறினா அங்கி உக்காராது.”

“நாடு போனா அங்கியை எங்க மாட்டுவீங்க?”

“அங்கி இருந்தாத்தான் நாடு.”

இருவரும் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் நின்று குரலை உயர்த்தினார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாபு சொன்னாள்: “முதல்ல கூழைக் குடிக்கட்டும். அதுக்கு மேல பொங்கலைச் சாப்பிடட்டும். ரெண்டு பேரு உத்தரவும் நடந்த மாதிரி இருக்கும்.” அவர்கள் யோசித்துப் பார்த்து, இதில் தங்கள் கௌரவத்துக்குக் குறைவில்லை என்று கண்டு, போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து பேமா இரண்டையும் சாப்பிட்டான். உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டான்.

“அவரு அங்க ஒரு வாய் இறங்காம கிடக்காரு. நான் இங்க நெய்யில முங்குறேன். இது துரோகம் தாபு.”

“அழுதுக்கிட்டே தின்னா விக்கும். ஒண்ணு அழுங்க, இல்ல தின்னுங்க.”

பழைய வயிறு திரும்பியது. அதைத் தாண்டியும் போயிற்று. எல்லைக்கு அப்பாலிருந்து தூதர் வந்தார், ராஜாவின் சுகம் விசாரிக்க. ராஜா வேட்டைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, ஈரம் காயாத புதுப் படம் ஒன்றைத் திவான் காட்டினார். அதில் ராஜா, குதிரை நெளியும்படி உட்கார்ந்திருந்தார். தூதர் படத்தை ரொம்பவும் புகழ்ந்தார். வானத்தின் நீலத்தையும் குதிரையின் வாலையும் தனித்தனியே புகழ்ந்தார். பிறகு, உங்கள் யானைகளைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கொட்டாரத்தில் அவர் யானைகளைப் பார்க்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்த பேமாவின் முன் போய் நின்றார்.

“ரொட்டிக்காரரே, சௌக்கியமா?”

“அன்னதாதா புண்ணியத்துல குறையில்லை.”

“கொஞ்சம் எழுந்திருங்க. அப்படித் திரும்புங்க. இந்தப் பக்கம்.”

பேமா திரும்பினான். தூதர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். அன்றே குதிரையேறிப் போனார். எல்லையிலிருந்த கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு அந்தச் சேனை அறுவடைக்கு வீடு திரும்பியது. தட்டானின் பெண்டுபிள்ளைகளும் திரும்பினார்கள்.

ராஜாவுக்குத்தான் பசி திரும்பவில்லை.

வேனில் தொடங்கிய ஒரு காலையில் பேமா அங்கிக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான். விலாப்பக்கத் தையல் ஒவ்வொரு நூலாக விட்டுக்கொண்டிருந்தது. குமான்ஜி அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் துணியவில்லை. அப்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கோலூன்றியபடி ஒருவர் உள்ளே வந்தார். மீசையை வைத்துத்தான் அவர் யாரென்று தெரிந்தது. மீசைக்குப் பின்னால் முகம் அதிகமில்லை.

கூடமே தரையில் விழுந்து கும்பிட்டது, பேமா ஒருவனைத் தவிர. எழப்போனவனை அங்கி பிடித்து இழுத்தது. அது யாருக்கும் குனியாது. ஆனால் எதிரே நிற்பவர் அங்கிக்கே சொந்தக்காரர். பேமா குமான்ஜியைப் பார்த்தான். குமான்ஜி குப்புறக் கிடந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் பேமா, உடம்பை நிமிர்ந்தபடியே வைத்துக்கொண்டு, கழுத்துக்கு மேலே இருந்ததை மட்டும் தாழ்த்தினான். அந்தப் பகுதிதான் அவனுக்குச் சொந்தம்.

ராஜா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுதான் நானா?”

“கழுத்துக்குக் கீழே, ஹுஸூர்” என்றார் கமர்தீன் தரையிலிருந்து.

ராஜா மெல்ல வந்து பேமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கையை நீட்டினார். விற்றுவிட்ட குதிரையைச் சந்தையில் மறுபடி கண்டவர் போல அந்த வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். பேமா மூச்சை விட்டான். தையல் முழுவதுமாக விட்டது.

“இதுக்கு என்ன போடுற?”

“உத்தரவு வர்றதை எல்லாம் போடுறேன், அன்னதாதா.”

“உத்தரவு இல்லாதப்போ?”

பேமா தயங்கித் தயங்கித் திண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான். தாபு விடியற்காலையில் கட்டிக் கொடுத்தது. தடித்த கம்பு ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் பூண்டுச் சட்னி, கையால் குத்தி உடைத்த ஒரு வெங்காயம். ஊர்க் கிணற்றடியின் வாசனை கூடமெங்கும் பரவியது.

“முதல்ல ஒருத்தர் ருசி பார்க்கணும் ஹுஸூர்...” என்று குமான்ஜி எழுந்தார்.

“எனக்குப் பதிலா எல்லாத்தையும் ஒருத்தன் செஞ்சாச்சு” என்றார் ராஜா. “உட்காருங்க.”

ரொட்டியில் ஒரு மூலையை ஒடித்தார். சட்னியில் தொட்டார். வாயில் போட்டு, வெகுகாலம் மறந்திருந்த ஒரு காரியத்தைச் செய்கிறவர் போல, மெல்லத் தாடையை அசைத்தார். எழுந்து உட்கார்ந்த கமர்தீனின் தூரிகை வண்ணச் சிப்பியின்மேல் நின்றது.

எதிரே பேமா, வாயில் ஒன்றுமே இல்லாமல், அவரோடு சேர்ந்து மென்றுகொண்டிருந்தான்.