பச்சைக் காகிதம்

கம்பளைக்கு மேலே அந்தப் பங்களா இன்றும் நிற்கிறது. கோப்பிச் செடி நோய் பிடித்துச் செத்தது, துரைமார் மாறினார்கள், மலையெல்லாம் தேயிலை ஆனது. பங்களாவுக்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை. கண்டியிலிருந்து வருகிற விருந்தாளிகள் முன்ஹாலில் நின்று, சுவரில் இருக்கும் ரோஜாப்பூக் காகிதத்தைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். அதை ஒட்டியவன் நான். யாராவது அதைப் பாராட்டினால் எனக்கு வயிறு எரியும்.

அப்போது நான் பங்களாவில் வீட்டு வேலைக்காரன். துரைசாணி சீமையிலிருந்து வந்தபோது பாதி சீமையைக் கையோடு கொண்டுவந்தாள். வெல்வெட் திரைகள், பியானோ, கால் புதைகிற கம்பளம், கண்ணாடிக் கூண்டுக்குள் செத்த பறவைகள். எங்கள் பனியில் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்தது. அதைத் துடைப்பதே என் பிழைப்பாயிற்று. போதாததற்குச் சுவருக்கும் காகிதம் வந்தது. பச்சை நிறம், கொடியும் இலையுமாக. காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டவர்கள், காகிதத்தில் காடு வாங்கி வீட்டுக்குள் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒட்டும் வேலை என் கையில் விழுந்தது. அரிசி மாவில் கஞ்சி காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற நீல விஷத்தைக் கலந்து பூச வேண்டும். என் கை சுத்தம். இலையோடு இலை பொருந்த, ஓர் இடத்திலும் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். துரையே ஹாலுக்கு வந்து பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நான் பல நாள் பூரித்துக் கிடந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மழைக்காலம் வந்ததும் ஹாலில் வெள்ளைப்பூண்டு வாடை அடித்தது. துரைசாணி சமையற்காரனைத் திட்டினாள். அவன் பூண்டைத் தொட்டு மாதம் ஒன்றாகியிருந்தது. பிறகு துரைசாணியின் சின்ன மகளுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வந்தன. கண்டியிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வந்தார். சுவரைக் காட்டித் துரையோடும் துரைசாணியோடும் நெடுநேரம் இங்கிலீஷில் பேசினார். நான் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன், ஒரு சொல்லும் விளங்கவில்லை. மறுநாள் குழந்தையைக் கண்டிக்கு அனுப்பிவிட்டு, காகிதம் முழுவதையும் உரித்து எரிக்கச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, துரைமாரிடம் காரணம் கேட்பது எங்கள் வழக்கமில்லை.

ஒட்டாத சுருள் மூன்று மிச்சமிருந்தன. பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய எதையும் பின்வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்வது எங்கள் பழக்கம். பழைய சட்டை, விரிசல் விட்ட கோப்பை, எல்லாம் அப்படித்தான் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேரும். நான் போய்ச் சுருளைக் கேட்டேன். துரை துரைசாணியைப் பார்த்தார். அவள் தன் கைவிரல்களைப் பார்த்தாள். "எடுத்துக்கோ" என்றார் துரை. நான் கும்பிட்டு வாங்கினேன்.

"நமக்கெதுக்குங்க இந்தப் பவுசு?" என்றாள் என் மனைவி. அவள் பேச்சை நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரே பெண், அப்போதுதான் நடை பழகியிருந்தாள். அவள் படுக்கிற மூலைச் சுவரில், அவள் உயரத்துக்கே ஒட்டினேன். சுவரைத் தொட்டுவிட்டு விரலைச் சூப்புவாளே என்று பயந்து, மயில்துத்தத்தை மட்டும் சேர்க்கவில்லை. பங்களாவில் மிஞ்சிய மாவில் வெறும் கஞ்சி காய்ச்சி ஒட்டினேன். அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு.

அந்த மழையில் வண்டிப்பாதை உடைந்து, தோட்டத்துக்கு அரிசி வருவது நின்றது. எல்லா வீட்டிலும் அரை வயிறு. காகிதத்துக்குப் பின்னால் கஞ்சி காய்ந்திருப்பதை என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய அம்மா கோப்பிப் பழம் பறிக்கப் போயிருந்த பகலில், கிழித்துக் கிழித்து நக்கியிருக்கிறாள். நான் பங்களாவில் பறவைக் கூண்டு துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் குழந்தை செத்துப்போனாள். வாய் ஓரத்தில் பச்சை ஒட்டியிருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுத்த யாழ்ப்பாணத்து ஐயா வந்து பார்த்தார். சுவரைத் தொடாமல் நின்றார்.

"இந்தப் பச்சையில பாஷாணம் இருக்கு, ஈரம் பட்டாப் பூண்டு மணம் வரும். அதுக்காகத்தானே பங்களாவில உரிச்சவை. உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

என் மனைவி கரண்டியை எடுத்து, செங்கல் தெரியும்வரை அந்தச் சுவரைச் சுரண்டினாள். நான் தடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரோஜாப்பூக் காகிதம் வந்தது. துரைசாணி என்னைக் கூப்பிட்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில், "இது நல்ல காகிதம். விஷம் இல்லே. பயப்படாம ஒட்டு" என்றாள். ஆறுதல் சொல்வதாக நினைத்திருப்பாள் போல. அவள் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நான் மாவைக் கரைத்தேன்.

வழக்கம்போல மயில்துத்தம் கலந்தேன். பூவோடு பூ பொருந்த ஒட்டிக்கொண்டிருந்தபோது, கண்டியிலிருந்து குணமாகித் திரும்பியிருந்த அவளுடைய மகள் ஓடி வந்து, ஈரச் சுவரில் கை வைக்கப் போனாள்.

"வேணாங்க சின்னம்மா, இதுல விஷம் இருக்கு" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.