அத்தையின் கழுத்தும் ஆளிநார்ப் பலகையும்

பத்திரிகைக்காரர் முதலில் மாமாவின் வயதைக் கேட்டார். அதை மாமாவிடம் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன். அடுத்து, அலைச்சறுக்குப் பலகை செய்ய எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றார். உடைந்த பலகைகளை ஒட்டிக் கொடுத்தே கற்றுக்கொண்டேன் என்றார் மாமா. அதையும் அவருடைய மொழியில் சொன்னேன். பிறகு அவர் பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்தி, நீளமாக ஒன்று கேட்டார்.

"என்ன கேக்கறார்?" என்றார் மாமா.

"கடல் உங்ககிட்ட முதல்ல எப்போ பேசிச்சுன்னு கேக்கறார், மாமா."

மாமா சோபாவின் கைப்பிடியைத் தடவியபடி யோசித்தார். "உன் அத்தையே எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி மாசக்கணக்காச்சு. இதுல கடல் வேற."

"அப்படியே சொல்லிடவா?"

"வேண்டாம்மா. சின்ன வயசுலேன்னு சொல்லு."

சொன்னேன். பேனா மறுபடியும் திறந்தது. கண்ணாடி இழையை விட்டுவிட்டுச் செடி நாருக்கு ஏன் மாறினீர்கள் என்பது அடுத்த கேள்வி. மாமா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாம் கடலை நினைத்துத்தான் என்றார். சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

கடைசியில் படம் எடுக்க வேண்டும், கடலைப் பார்ப்பதுபோல் நில்லுங்கள் என்றார் பத்திரிகைக்காரர். எங்கள் கூடத்து ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். மாமா தொட்டியைப் பார்த்தபடி நின்றார். தொடுவானத்தோடு பேசும் மனிதர் என்று அந்தப் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது.

பத்திரிகைக்காரர் உட்கார்ந்து எழுதிய அந்தச் சோபாதான் அப்போது மாமாவின் படுக்கை. அவர் வருவதற்கு முன் தலையணையை அதன் பின்னால் திணித்து வைத்திருந்தோம்.

மாமா என் அம்மாவின் தம்பி. வேலை காரணமாக நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் அவர் அலைச்சறுக்குப் பலகைகள் செய்கிறார். காரே வாங்காததால் கொட்டகைக்கு வேறு வேலை இல்லை. தெர்மாகோல் போன்ற பிளாஸ்டிக் நுரைக்கட்டையைப் பலகை வடிவில் சீவுவார். அதன்மேல் துணியை விரித்து, ரெசின் என்ற ரசாயனப் பசையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஓரம்வரை இழுத்துவிடுவார். இறுகியதும் தேய்த்து வழுவழுப்பாக்குவார். இந்தத் தொழிலில் வழக்கமான துணி கண்ணாடி இழையில் நெய்தது. தேய்க்கும்போது பறக்கும் அதன் தூசு கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கு நன்றாகத் தெரியும்.

அத்தை பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறார். பகலெல்லாம் கையுறையோடு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமாவின் உடம்பில் ஒட்டி வந்த தூசால் மெத்தையே அரித்தது. மாமா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்து பார்த்தார். பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தார். ஒட்டும் நாடாவைக் கையிலும் காலிலும் ஒட்டி ஒட்டிப் பிய்த்துப் பார்த்தார். அதில் முடி போனது, அரிப்பு போகவில்லை. ஒரு நாள் மருத்துவர் நோயாளியின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த அத்தையின் கை தன்னையறியாமல் கழுத்தைச் சொறியப் போய்விட்டது. நோயாளிக்குப் புரையேறி, மருத்துவர் முறைத்து, அத்தை மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

அன்று மாலை அத்தை சத்தம் போடவில்லை. மாமாவின் தலையணையைக் கொண்டுவந்து சோபாவில் வைத்தார். "கண்ணாடி இருக்கிற வரைக்கும் இங்கேயே படுங்க" என்றார்.

மாமா இயற்கையின் பக்கம் திரும்பியது இப்படித்தான்.

பஞ்சுத் துணி, சணல் என்று பலதையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஆளிச்செடி நாரில் நெய்த துணிக்கு வந்து சேர்ந்தார். கடையில் லினன் சட்டையாகத் தொங்குமே, அதற்கு முரட்டு அண்ணன் என்று சொல்லலாம். தேய்த்தால் அரிக்காது. ஆனால் அதற்கு வேறு குணங்கள் இருந்தன. கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்போல் ரெசினை ஊற்ற ஊற்றக் குடிக்கும். குடித்ததெல்லாம் எடையாக ஏறும். அதோடு, காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு ஒட்டினால் பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேமல் விழும். முதல் பலகை அப்படித்தான் வந்தது. மாமா அதை மேகக் கோலம் என்று சொல்லி விற்றுவிட்டார்.

துணியை உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கொட்டகையோ எப்போதும் நசநசவென்று இருக்கும். வீட்டிலேயே நாள் முழுக்க வெயில் படுவது படுக்கையறையில்தான். அத்தை துணியின் ஓரத்தைக் கத்தரித்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்து, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அனுமதித்தார். துணிச் சுருள் கட்டிலில், மாமா படுக்கும் பக்கத்தில், ஜம்மென்று படுத்தது. மாமா சோபாவில் படுத்தார்.

பத்திரிகையில் வந்தபின் வாங்குபவர்கள் தேடி வந்தார்கள். பலகையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் முகர்ந்து பார்த்தார்கள். ரெசின் மூக்கைத் துளைத்தது, ஆனால் புல்வெளி வாசனை அடிக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர் தெருவையே அடைக்கும் பெரிய வண்டியில் வந்தார். உள்ளே குளிர் குறையக்கூடாது என்று எஞ்சினை ஓடவிட்டபடியே பூமியைப் பற்றி வெகுநேரம் கவலைப்பட்டார். நுரையும் ரெசினும் எந்தச் செடியில் காய்க்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. மாமாவும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

இதற்கிடையே அவர் கொட்டகையைக் கழுவித் துடைத்து, கண்ணாடி இழைச் சுருள்களை வெளியேற்றி, பழைய உடுப்புகளையும் தூக்கிப் போட்டார். அத்தை போய்ச் சுவரில் விரலை இழுத்துப் பார்த்தார். அன்று தலையணை உள்ளே போனது. மறுநாள் காலை மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பல் விளக்கினார்.

பிறகு அலைச்சறுக்குப் பள்ளி நடத்தும் பயிற்சியாளர் அம்மாள் வந்தார். வளவளவென்று பேசாதவர். பள்ளிக்கு வேண்டிய பலகை அத்தனையும் இங்கேயே வாங்கத் தயார் என்றார். ஒரே ஒரு குறை.

"பலகை நல்லாத்தான் இருக்கு. அதைத் தூக்கிட்டு வரத்தான் தனியா ஆள் போடணும். அடியில கண்ணாடி போட்டுடுங்க, மேல மெல்லிசா ஒரு சுத்து செடி. பாக்கறவங்களுக்கு அது போதும்."

மாமா மாட்டேன் என்று சொல்லவில்லை. மாதிரிக்கு ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். தெரிந்தவர் ஒருவருடைய கொட்டகைக்குப் போய், மழைக்கோட்டோடு வேலை செய்து, அங்கேயே குளித்துவிட்டு, புதுச் சட்டையில் வந்தார். திருடன்கூட இத்தனை சுத்தமாக வீட்டுக்குள் வரமாட்டான்.

ஓரிரு நாளில், காலைச் சாப்பாட்டின்போது அத்தையின் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிதானே?" என்றார் அத்தை.

"ஒரே ஒரு பலகைதான்."

"கழுத்துக்கு எண்ணத் தெரியாதுங்க."

தலையணை மறுபடியும் சோபாவுக்கு வந்தது.

மாமா அன்றே பயிற்சியாளரிடம் போய், கண்ணாடி போட முடியாது, கனமான பலகைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டார் அந்த அம்மாள். உண்மையான காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், கொள்கை என்றார் மாமா. பயிற்சியாளர் வேறு ஒருவரிடம் பலகை வாங்கிக்கொண்டார். ஆனால் இந்தக் கொள்கையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வியந்தார். மாமாவின் புகழ் இரண்டு மடங்கானது.

அத்தை மட்டும் அசையவில்லை. மெத்தை உறைகள் மாற்றப்பட்டு, கழுத்து அடங்கி, வாரங்கள் ஆகியும் தலையணை சோபாவிலேயே இருந்தது. கண்ணாடியைத்தான் அடியோடு விட்டாயிற்றே என்று ஒருநாள் நான் அத்தையிடம் கேட்டேன். அவர் கையுறைகளை உலர்த்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்திரிகை பல் மருத்துவரின் வரவேற்பறை மேசையில் கிடக்கிறதாம். காத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்களாம். படித்துவிட்டு நாற்காலியில் வந்து சாய்ந்ததும் அத்தையைப் பாராட்டுகிறார்களாம். "கடலுக்கே இவ்வளவு செய்யறாரே, உங்களுக்கு எவ்வளவு செய்வாருன்னு கேக்கறாங்க. நான் குழாயைப் பிடிச்சுட்டு இளிச்சுட்டு நிக்கறேன்" என்றார். பிறகு, கையுறையை உதறியபடியே, "ஊரைக் கேட்டா அவர் கடலுக்காகத்தான் கண்ணாடியை விட்டார். அப்ப நான் யாரு?" என்றார்.

அடுத்த மாதம், கடற்கரையைக் காக்கும் சங்கம் ஒன்று மாமாவுக்கு விருது தருவதாக அறிவித்தது. குடும்பத்தோடு வர வேண்டும், ஏற்புரை இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இப்படிப்பட்ட மேடைகளில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதினேன். கடல் நமக்காக எத்தனையோ பொறுத்துக்கொண்டது, ஆனால் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. கடலுக்குத் தெரியாமல் எதையும் மறைத்துவிடலாம் என்று நினைப்பது மடமை. கடலிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு பிறவி போதாது. இப்படியே ஒரு பக்கம்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை மாமா சோபாவில் உட்கார்ந்து அதை வாய்க்குள்ளேயே படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அத்தை விழாவுக்கான புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இதுல கடல் கடல்னு எழுதியிருக்க பாரு. அங்கல்லாம் உன் அத்தைன்னு போட்டுடு."

"எல்லா இடத்துலயுமா, மாமா?"

"எல்லா இடத்துலயும். ரெண்டு மொழியிலயும்."

விருது கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன்.

"நினைச்சுக்கட்டும்மா. கடலா வந்து முன்வரிசையில உக்காரப்போகுது? அவதான் உக்காரப்போறா. மாத்திக் குடு."