அம்மா திறந்துவிட்ட கூண்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. அப்போது நானும் மனைவியும் புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். எங்களோடு இரண்டு லவ் பேர்ட்ஸ் இருந்தன. கொழும்பில் கடை வேலை பார்த்த என் மைத்துனர், ஊருக்கு வந்தபோது கப்பலிலும் ரயிலிலுமாகக் கொண்டுவந்து தங்கைக்குக் கொடுத்தவை. ஆண் பச்சை, பெண் மஞ்சள். கைக்குள் அடங்கும் அளவுதான். ஆனால் வீட்டில் எங்கள் இருவரையும்விட அவற்றின் சத்தமே அதிகம்.

வந்த புதிதில் பச்சை கடிக்கும். தினை வைக்கப் போனால் ஓடிவந்து விரலைக் கவ்வும். நான் ஒவ்வொரு தடவையும் கையை உதறி இழுத்துக்கொள்வேன். என் வலது கையில் மட்டும் ஏழு தழும்புகள். மனைவி இழுக்கமாட்டாள்.

"கடிச்சா கை ஓடிரும்னு அதுக்கு நம்மதாங்க சொல்லிக் குடுக்குறோம். ஓடாத கையை அது எதுக்குக் கடிக்கப் போவுது?" என்பாள்.

தினைக் கதிரைப் பிடித்தபடி கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு கட்டைபோல் உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் சோறு குழைந்துபோன நாளும் உண்டு. சில வாரங்களில் பச்சை அவள் விரலில் ஏறி நின்று தின்னத் தொடங்கியது. என்னைக் கடைசிவரை கடித்தது.

கூண்டுக்குள் பக்கவாட்டில் துளையிட்ட சிறு கலயம் ஒன்றைக் கட்டியிருந்தோம். அந்தப் பங்குனியில் மஞ்சள் முதன்முதலாக அதற்குள் முட்டையிட்டு அடைகாத்தது. ஐந்து முட்டைகள். பச்சை தினையைத் தின்றுவிட்டு, கலயத்தின் வாயருகே நின்று பெண்ணுக்கு ஊட்டும்.

அந்தச் சமயத்தில் என் தாயார் கீரமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிள்ளையில்லை. ஜோடிப் பறவையை அடைத்து வைத்திருக்கும் வீட்டில் பிள்ளை தங்காது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் திறந்துவிட்டால் தோஷம் கழியும் என்று பஸ்ஸில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடைபட்ட கிளியை விட்டுவிடுவது புண்ணியம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவதுதான்.

அன்று காலை நான் கொல்லைக் கிணற்றடியில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் பச்சையாக ஏதோ விருட்டென்று போனது. உள்ளே ஓடினேன். கூண்டின் முன் சூடம் எரிந்துகொண்டிருந்தது. பெண் பறவை கலயத்திலிருந்து தலையை நீட்டியது. சமையலறையிலிருந்து பாய்ந்து வந்த மனைவி கதவைச் சாத்தினாள்.

"போவட்டும் விடு தாயி. அது போன வழியில ஒனக்கு ஒண்ணு வரும்" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

"அத்தை, அது கூண்டுலயே பொறந்தது. காக்கான்னா என்னன்னு அதுக்குத் தெரியாது."

கொல்லையில் காக்கைகள் கரையும் சத்தம் கேட்டது. அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மூவரும் கொல்லைக்கு ஓடினோம். பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் கிளைகள் எங்கள் கொல்லைக்குள் நீண்டிருக்கும். அதில் ஒரு நுனிக்கொம்பில் பச்சை ஒட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் ஒன்பது காக்கைகள்.

"புண்ணியம்னு நெனச்சேனே ஆத்தா..." என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. 'பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் பேச்சையெல்லாம் கேட்டு' என்று தொடங்க வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மனைவி மூலையில் கிடந்த துரட்டியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள்.

"அழுவுறதை அப்பறம் பாத்துக்கலாம் அத்தை. நீங்க காக்காயை அங்கிட்டு வெரட்டுங்க. ஒண்ணும் கிட்ட வரக்கூடாது." மரத்தில் ஏற ஏணியைத் தூக்கிய என் பக்கம் திரும்பி, "நீங்க அந்த ஏணியைக் கீழ போடுங்க. தொரத்துனா பறந்துரும். கூண்டைத் தூக்கியாரணும்" என்றாள்.

கூண்டை ஆட்டினால் முட்டை உருளுமே, மிரண்டுபோய் மஞ்சள் அடையை விட்டுவிடுமே என்று நான் அடுக்கினேன்.

"ஊட்ட ஆள் இல்லாட்டியும் அடையை விட்டு எறங்கத்தான் செய்யும். தூக்குங்க."

தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைச் சுமப்பதுபோல் இருவரும் தூக்கிவந்து துவைகல்லின் மேல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கலயத்திலிருந்து வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. மரத்திலிருந்து பதில் வந்தது. மறுபடியும் கலயத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு வந்து கூப்பிட்டது. இப்படியே போயிற்று.

நான் அன்று ஆபீஸ் போகவில்லை. காக்கைகள் ஒன்பதும் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது என் வேலை. அறுபதைத் தாண்டிய அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, துரட்டியோடு அந்தக் கிளைகளுக்குக் கீழே சுற்றிவந்தார்.

"அடி நாசமாப் போறவளே, ஊருல ஒனக்கு வேற எரையே கெடைக்கலியா? இங்கிட்டு எறங்குனே, றெக்கையை முறிச்சுப்புடுவேன்!"

ஒரு காக்கை கொத்தியே விட்டது. சின்னப் பச்சை இறகு ஒன்று சுழன்று விழுந்தது. அம்மா துரட்டியால் அந்தக் கிளையையே உலுக்கினார். காக்கை விலகியது. பச்சை இன்னும் உச்சிக்குப் போய்விட்டது. வெயில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டேன். "அது திங்கட்டும், அப்பறம் நான்" என்றுவிட்டார். மனைவி தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, தினைக் கதிரோடு துவைகல் அருகே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழும் நேரம். மஞ்சள் மறுபடியும் வெளியே வந்து கூப்பிட்டது. பச்சை கீழ்க்கிளைக்கு வந்தது. பிறகு கிணற்று ராட்டினத்துக்கு. பிறகு கூண்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. நான் துண்டை எடுத்தேன். மனைவி கண்ணாலேயே அதட்டினாள். கதிரைப் பிடித்த கையை மெல்ல நீட்டினாள். பசி தாங்காமல் பச்சை விரலில் ஏறியது. பயம் தெளியாமல், கட்டைவிரல் சதையைக் கவ்விக்கொண்டது. ரத்தம் வடிந்தது. கை அசையவில்லை. கூண்டின் கதவு ஒரு கை நுழையும் அளவுதான். கடித்துக்கொண்டிருந்த பறவையோடு கையை அப்படியே உள்ளே கொண்டுபோனாள். அது கம்பில் இறங்கிய பிறகுதான் கையை எடுத்தாள்.

அம்மா துரட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பச்சை தினையைக் கொறித்துவிட்டுக் கலயத்தின் வாயருகே போய் ஊட்டியதைப் பார்த்த பிறகு, "இப்பப் போடு தாயி சோத்தை" என்றார்.

ஐந்து முட்டைகளில் மூன்று பொரிந்தன. அதுவரை அம்மா ஊருக்குப் போகவில்லை. எங்களுக்குப் பல வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தது. அதையும் பறவைகளையும் சேர்த்து அவர் ஒருநாளும் பேசியதில்லை.

அன்று நான் நினைத்ததைச் சொல்லியிருந்தால், அம்மா அடுத்த பஸ்ஸிலேயே அழுதுகொண்டு கிளம்பியிருப்பார்; ஒன்பது காக்கைகளை விரட்ட ஆள் இருந்திருக்காது. இந்த வயதிலும் கோபம் சட்டென்று வருகிறது. ஆனால் கண்ணெதிரே ஒருவர் தப்புச் செய்துவிட்டு நடுங்கி நிற்கும்போது, அவரை என்ன சொல்வது என்று யோசிப்பதை விட்டு, அவர் கையில் என்ன கொடுப்பது என்று தேடுகிறேன்.